பூவின் பிறப்பும் நட்டவர் பொறுப்பும்

அழகிய பொருளொன்று பிறர்க்குத் தீங்கு செய்யுமாயின், அத்தீங்கிற்குப் பொறுப்பாளி யார்? அப்பொருளா, அதனைத் தோற்றுவித்த இயற்கையா, அன்றி அதன் அழகை விரும்பித் தன் முற்றத்திற் கொண்டுவந்து வைத்த மனிதனா? அறவியலில் இவ்வினா புதியதன்று. செல்வம், புகழ், அதிகாரம் முதலியன தொடர்பாக அறிஞர் பலர் இதனை எழுப்பியுள்ளனர். ஒரு பூஞ்செடி தொடர்பாக இதனை எழுப்பினால் சிலர் நகைக்கவுங்கூடும். எனினும், சென்ற ஆண்டு விடுமுறையின்போது எங்கள் தோட்டத்தில் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவம், பூஞ்செடியிலிருந்தே இவ்வினாவைத் தொடங்கலாம் என்ற எண்ணத்தை என்னுள் தோற்றுவித்தது. அச்சம்பவத்தை முதலிற் கூறி, அதனடியாக எழும் வினாக்கள் சிலவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

கேகாலை மாவட்டத்தில், யட்டியந்தோட்டைக்கு அப்பால், களனி கங்கையை நோக்கிச் செல்லும் சிற்றோடையொன்றின் கரையில் எங்கள் லயம் அமைந்துள்ளது. மேலே தேயிலை, கீழே றப்பர், அதற்கும் கீழே சிங்களக் கிராமத்தவரின் வயல்கள். என் பாட்டனார் பங்களாவிற் பூந்தோட்ட வேலை செய்தவர். 1975ஆம் ஆண்டிற் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்டு, வெள்ளைக்காரத் துரை ஊர் திரும்பியபோது, பூந்தோட்டத்துக் கிழங்குகள் சிலவற்றைச் சாக்கிற் கட்டிப் பாட்டனாரிடம் கொடுத்துச் சென்றார் என்று அப்பாயி கூறுவார். கல்வாழை, மழை பெய்த மறுநாள் மலரும் லில்லி, வண்ண இலைகளையுடைய கலேடியம் ஆகியவற்றோடு வெள்ளை இஞ்சிப்பூவும் அச்சாக்கில் இருந்தது.

லயத்து வாசலில் மூன்று முழ அகலமான மண்ணே எங்கள் குடும்பத்தின் புழக்கத்திலிருந்த நிலம். அதுவும் எங்களுக்கு உரியதன்று, தோட்டத்துக்கே உரியது. அதிற் கீரை போடாமற் பூ நட்டமைக்காக அப்பாயி பலரிடமும் ஏச்சு வாங்கியதுண்டு. பிறருடைய கணக்கிற்குக் கொழுந்து பறித்தும் பால் வெட்டியும் கழிந்த வாழ்நாளில், எவருடைய கணக்கிலும் எழுதப்படாதனவாக அவருக்கு வாய்த்தவை அப்பூக்களே எனலாம். அவற்றுள்ளும் இஞ்சிப்பூவின் மீது அவருக்குத் தனிப் பிரியம். இலை இஞ்சியின் இலையை ஒத்திருக்கும். மலர் வெண்ணிற வண்ணத்துப்பூச்சி இருந்தாற் போலத் தோன்றும். மாலையானதும் அதன் மணம் பீலிவரைக்கும் பரவும். வெள்ளிக்கிழமைகளில் அது மாரியம்மனுக்குச் செல்லும்.

இத்தகைய செடிகளைப் பொதுவாக நாம் கிழங்குச் செடிகள் என்கிறோம். தாவரவியலார் இவற்றை மேலும் நுணுக்கமாக வகுப்பர். லில்லிக்கு இருப்பது வெங்காயத்தைப் போன்ற குமிழ். இஞ்சிப்பூவுக்கும் கல்வாழைக்கும் இருப்பது நிலத்தினுட் கிடையாக ஓடும் வேர்த்தண்டுக்கிழங்கு. உருவம் வேறாயினும் இவற்றின் இயல்பு ஒன்றே. மேலே தண்டும் இலையும் அழிந்தாலும் கீழே உயிர் உறங்கிக் கிடக்கும். ஒடிந்த துண்டொன்று ஈரமண்ணைத் தொட்டாற் போதும், மீண்டும் முளைக்கும். தோட்டக்காரர் இச்செடிகளை விரும்புவதற்கு இதுவே காரணம். இவை தோட்டத்தை விட்டு வெளியேறுவதற்கும் இதுவே காரணம்.

ஆண்டுதோறும் வாசலில் மிகுந்துபோகும் இஞ்சிப்பூக் கிழங்குகளைக் கிளறி ஓடைக்கரையில் எறிவது எங்கள் வீட்டு வழக்கம். அதில் எவரும் தீமை காணவில்லை. 2016ஆம் ஆண்டு மே மாதத்தில், அரநாயக்கவில் மண்சரிவை ஏற்படுத்திய அதே பெருமழையில், எங்கள் ஓடையும் கரைபுரண்டது. அதன் பின்னரே ஓடையின் கீழ்ப்பகுதியில் இஞ்சிப்பூப் புதர்களைக் காணத் தொடங்கினோம். பார்ப்பதற்கு அழகாகவே இருந்தது. "நம்ம பூ ஆத்தோரம் போயிருச்சு" என்று அப்பாயி மகிழ்ந்ததும் உண்டு.

சென்ற ஆண்டு, கீழ் வயலுக்குரிய முதியவர் ஒருவர் எங்கள் லயத்திற்கு வந்தார். மண்ணோடு பெயர்த்தெடுத்த கிழங்குக் கொத்தொன்றை இஸ்தோப்பின் முன் வைத்தார். வயலுக்கு நீர் பாயும் வாய்க்காலின் வாயை அச்செடி அடைத்துவிட்டதென்றும், இரண்டு போகங்களாக வெட்ட வெட்ட முளைக்கின்றதென்றும் சிங்களத்தில் விளக்கினார். பின்னர், "ஆச்சி, இது எங்கள் ஊர்ச் செடியன்று. எங்கிருந்தோ வந்து எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது. வேரோடு பிடுங்காவிட்டால் எங்களுக்கு இடமில்லாமற் போய்விடும்" என்றார். அவருடைய குரலிற் கோபமில்லை, களைப்பே இருந்தது. தேநீர் அருந்திவிட்டே சென்றார்.

அவர் சென்ற பின்னர் இஸ்தோப்பில் நெடுநேரம் எவரும் பேசவில்லை. அவர் கூறிய சொற்கள் எங்களுக்குப் புதியனவல்ல. வேறு நாள்களில், வேறு வாய்கள் அச்சொற்களைச் செடிகளைக் குறித்துக் கூறவில்லை. 1977இலும் 1981இலும் சப்ரகமுவத் தோட்டங்களிற் லயங்கள் எரிந்த இரவுகளை அப்பாயி கண்டவர். ஈற்றில் அவரே மௌனத்தைக் கலைத்தார்: "அவரு செடியத்தான் சொன்னாரு. நமக்குத்தான் வேற மாதிரி கேக்குது."

இக்கட்டுரை அந்த ஒரு கூற்றிலிருந்தே பிறந்தது.

2

முதலாவது வினா: பிறந்த இடம் ஒரு செடிக்குக் குற்றமாகுமா?

எங்கள் இஸ்தோப்பில் இருந்து பார்த்தாற் கண்ணுக்குப் புலப்படும் பசுமையிற் பெரும்பகுதி வெளிநாட்டது. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் வர்த்தகப் பயிராகத் தொடங்கிய தேயிலை, இத்தீவுக்கு உரியதன்று. பிரேசிற் காட்டிற் பிறந்த றப்பர், 1876ஆம் ஆண்டிற் கியூ பூங்கா வழியாக இங்கு வந்தது. அடுப்பங்கரைக்குட் சென்றாலும் நிலை அதுவே. மிளகாய், மரவள்ளி, பப்பாசி, சோளம் ஆகிய யாவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. வெளியிலிருந்து வந்தவை எல்லாம் தீயன என்பவன், தன் சம்பலையும் துறக்கவேண்டியவனாவான்.

எனினும், வந்தவை யாவும் தேயிலையைப் போல நட்ட இடத்தில் நிற்கவில்லை. பேராதனைத் தாவரவியற் பூங்கா 1821ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அதன் வழியாக 1826ஆம் ஆண்டளவில் அழகுச் செடியாக வந்த உண்ணிச்செடி, இன்று தீவெங்கும் பரவியுள்ளது. எமது மாகாணத்தின் தென்கிழக்கு எல்லையில் உள்ள உடவளவைத் தேசிய பூங்காவில் அது புல்வெளிகளை மூடி, யானைகளின் மேய்ச்சல் நிலத்தைக் குறுக்கியுள்ளது. 1882ஆம் ஆண்டில் போர்னியோவிலிருந்து பேராதனைக்குக் கொண்டுவரப்பட்ட தியபர, தன் பெரிய மஞ்சட் பூக்களோடு இரத்தினபுரி, களுத்துறை மாவட்டங்களின் சதுப்புநிலங்களிற் பெருங்கூட்டமாக நிற்கின்றது. அதன் காய் வெடித்து நட்சத்திரம் போல் விரியும்போது, பறவைகள் வித்துகளை எடுத்துச் செல்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலரழகிற்காக வந்த ஆகாயத்தாமரை, சில ஆண்டுகளுக்குள்ளேயே நீர்நிலைகளை மூடத் தொடங்கியது. 1909ஆம் ஆண்டிலேயே அதனைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றவேண்டியதாயிற்று. மட்டக்களப்பார் ஆற்றுவாழை என்றழைக்கும் அச்செடியின் தொல்லை, நூறாண்டு கடந்தும் தீரவில்லை.

இச்செடிகளுக்கிடையே ஓர் ஒற்றுமை உண்டு. இவற்றுள் எதுவும் திருட்டுத்தனமாக வரவில்லை. ஒவ்வொன்றும் அழைக்கப்பட்டு, பெட்டியில் வைக்கப்பட்டு, நீரூற்றப்பட்டு, பாராட்டப்பட்டு வந்தது. அழைத்தது அழகுணர்ச்சி. இதனை நாம் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

இனி, இஞ்சிப்பூவையே எடுத்துக்கொள்வோம். இமயமலையின் கிழக்குப் பகுதியும் அதனை அண்டிய சீன நிலப்பகுதியும் அதன் தாயகம். பிரேசிலில் அது ஓடைக்கரைகளை மூடி ஏனைய செடிகளை நெருக்கும் களையாகக் கருதப்படுகின்றது. ஹவாய்த் தீவுகளிலும் அதன் பெயர் நற்பெயரன்று. ஆயின், கியூபாவின் தேசிய மலர் அதுவே. கியூபாவில் அது பிறக்கவில்லை. அங்கும் வந்து சேர்ந்ததே. விடுதலைப் போராட்டக் காலத்திற் பெண்கள் அம்மலர்களுக்கிடையே செய்திகளை மறைத்து அனுப்பினர் என்ற மரபுவழிச் செய்தி அம்மலருக்கு அப்பெருமையைத் தேடித் தந்தது. ஒரே செடி ஓரிடத்திற் களை. ஓரிடத்தில் நாட்டின் சின்னம்.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று ஒன்றுண்டு. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிக் கூறும் மலர்களுள் முதலில் நிற்பது காந்தள். கார்த்திகைப்பூ என்று ஈழத்தில் வழங்கும் அக்கிழங்குச் செடி நம் மண்ணுக்கே உரியது, முருகனுக்கு உகந்தது, தமிழ்நாட்டின் மாநில மலர். அதே காந்தளைப் பூந்தோட்டங்களுக்காகக் கொண்டுசென்ற அவுஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் கரையோர மணல்மேடுகளில் அது பரவி, அங்குள்ள செடிகளை நெருக்குகின்றது. தொண்டர்கள் கூடி அதன் கிழங்குகளைத் தோண்டியெடுக்கின்றனர். நம் இலக்கியத்தின் முதன்மலர் அங்கு ஒழிக்கப்படவேண்டிய களை. காந்தள் அங்குச் சென்று தன் இயல்பை மாற்றிக்கொள்ளவில்லை. இங்கு அதனைக் கட்டுக்குள் வைத்திருந்த சூழல் அங்கில்லை என்பதே உண்மை.

எனவே, பிறப்பைக் கொண்டு ஒரு செடியை நல்லதென்றோ தீயதென்றோ கூறவியலாது. அறிவியலாரிடையேயும் இது விவாதத்திற்குரிய பொருளாகவே இருந்துள்ளது. 1958ஆம் ஆண்டிற் சார்ள்ஸ் எல்ற்றன் இத்துறையில் முதன்மையான நூலை எழுதியபோது, படையெடுப்பு என்னும் போர்ச்சொல்லையே அதன் தலைப்பிற் பயன்படுத்தினார். 2011ஆம் ஆண்டில் மார்க் டேவிஸ் முதலிய சூழலியலார், உயிரினங்களை அவற்றின் பிறப்பிடத்தைக் கொண்டு மதிப்பிடலாகாது என்று நேச்சர் இதழில் எழுதினர். அதனை மறுத்து நூற்றுக்கு மேற்பட்ட அறிஞர்கள் கையொப்பமிட்டனர். மறுத்தோர் கூறியதிலும் நியாயம் இல்லாமலில்லை. புதிதாக வரும் செடியொன்றின் தீங்கு உடனே தோன்றாது; பல்லாண்டு அமைதியாக நின்ற பின்னரே பரவத் தொடங்கும்; தீங்கு வெளிப்படும்வரை காத்திருந்தால் அப்போது காலம் கடந்துவிடும் என்பது அவர்களது வாதம். எங்கள் வீட்டு இஞ்சிப்பூ நாற்பது ஆண்டுகள் வாசலில் அடங்கி நின்றதை எண்ணும்போது அவ்வாதத்தின் வலிமை புலனாகின்றது.

ஆகவே, பிறப்பிடம் எச்சரிக்கைக்குரிய குறிப்பு, தீர்ப்புக்குரிய சான்றன்று. தீர்ப்பு, அச்செடி அவ்விடத்தில் என்ன செய்கின்றது என்பதைக் கொண்டே அமைதல் வேண்டும்.

3

இரண்டாவது வினா சொல்லைப் பற்றியது. செடியைக் குறித்துக் கூறும் சொல்லை மனிதனைக் குறித்துக் கூறலாமா?

வந்தேறி, அந்நியன், பரவுதல், ஆக்கிரமித்தல், வேரறுத்தல் ஆகிய இச்சொற்கள் யாவும் தாவரவியலிலும் அரசியலிலும் ஒருங்கே வழங்குகின்றன. மலையகத் தமிழர் அவற்றைத் தாவரவியல் நூலிற் கற்றவரல்லர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நம்முன்னோரை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம் என்று வகுத்தது. மக்களை இவ்வாறு நாற்றுமேடைக் கணக்கிற் பிரித்ததை நாம் மறந்துவிடவியலாது. என் அப்பாயி இம்மண்ணிலேயே பிறந்தவர். 2003ஆம் ஆண்டின் சட்டத்திற்குப் பின்னரே அவர் இந்நாட்டின் பிரசையானார். அவருடைய பத்திரங்கள் வந்து சேர்வதற்கு இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்பே இஞ்சிப்பூ வாசலில் வேரூன்றிவிட்டது.

இத்தகைய வரலாற்றையுடையோர் இருவகைத் தவறுகளுக்கு ஆளாகக்கூடும். முதலாவது தவறு, பிறர் செய்வது. செடிக்குப் பொருந்தும் நியாயத்தை மனிதருக்கும் பொருத்துதல் அது. செடி தன் இயல்பை அறியாது; அறிந்து அடக்கிக்கொள்ளவும் அதனால் இயலாது. வாய்க்கால் அடைபடுகின்றதென்று எவ்வளவு எடுத்துரைத்தாலும் இஞ்சிப்பூ கேளாது. மனிதன் கேட்பான், மறுமொழி கூறுவான், வாக்குறுதி தருவான், தவறியவிடத்து வெட்கப்படுவான். அயலவனோடு பேசி உடன்பாடு காண வல்ல உயிரைப் பேசவியலாத உயிரின் அளவுகோலால் அளப்பது அறிவுக்கும் பொருந்தாது; அறத்திற்கும் பொருந்தாது. செடியை அதன் செயலைக் கொண்டு மதிப்பிடலாம் என்று மேலே கூறினேன். மனிதனை ஒரு கூட்டமாகச் சேர்த்து அவ்வாறு மதிப்பிடுவதற்குங்கூட இடமில்லை. ஒவ்வொருவனும் தன் செயலுக்குத் தானே விடைகூற வல்லவனாதலின்.

இரண்டாவது தவறு, நாம் செய்வது. அதனைக் கூறுவது எனக்கு எளிதன்று. சொல் நம்மைப் புண்படுத்திய காரணத்தால், சொல் சுட்டும் உண்மையையும் மறுத்துவிடுதல் அது. அன்று மாலை என் தம்பி, "வந்த செடி என்றாற் பிடுங்கத்தான் வேண்டுமா? அப்படியானால் நாளை நம்மையும் பிடுங்குவார்களா?" என்று கேட்டான். என் உள்ளமும் அக்கேள்வியோடு ஒத்தே துடித்தது. ஆயினும், இரவில் எண்ணிப் பார்த்தபோது வேறொன்று புலனாயிற்று. நம்மீது கூறப்பட்ட பொய்யான உவமையை நாமே ஏற்றுக்கொண்டாலன்றி அக்கேள்வியை எழுப்பவியலாது. நாம் செடிகளல்லோம் என்பது நம் நிலைப்பாடாயின், செடியைப் பிடுங்குவது நம்மைப் பிடுங்குவதாகாது. இஞ்சிப்பூவை நம் குலத்தின் குறியீடாகக் கொண்டு காப்பாற்ற முயன்றால், நம்மை வைதவரின் இலக்கணத்திற்கே நாம் உதாரணம் தேடிக் கொடுத்தவராவோம். வாய்க்கால் அடைபட்டது மெய். முதியவரின் வயல் வறண்டது மெய். அதனை மறுப்பதற்கு நம் துன்ப வரலாறு உரிமை தராது.

4

மூன்றாவது வினா: உயிருள்ள ஒன்றைக் கொல்லுதல் தகுமா?

முல்லைக்குத் தேர் ஈந்த பாரியைப் போற்றும் மரபு நம்முடையது. செடிகொடிகளையும் ஓரறிவுயிராக எண்ணிக்கொண்டது தொல்காப்பியம். பயிரின் வாட்டத்தைத் தம் வாட்டமாகக் கொண்டவர் வள்ளலார். இம்மரபில் வந்தோர் ஒரு பூஞ்செடியை வேரோடு அகழ்ந்து வெயிலில் உலர்த்துவது எவ்வாறு பொருந்தும்?

பாரியின் செயலை ஒரு கணம் நுணுகி நோக்குவோம். கொழுகொம்பின்றி வருந்தியதாகத் தோன்றிய ஒரு கொடி அவன் கண்முன் நின்றது, அதற்கு இரங்கினான். கண்முன் நின்ற உயிருக்கு இரங்குதல் அருளின் தொடக்கம். ஆயின், கண்ணுக்குத் தோன்றாத உயிர்களுக்கும் இரங்கும்போதே அருள் நிறைவடையும். எங்கள் ஓடையில் இஞ்சிப்பூ அழகாகத் தெரிகின்றது. அதன் நிழலில் எவை மறைந்துபோயின என்பது தெரிவதில்லை. இத்தீவின் ஈரவலய ஓடைகளில் லகெனந்திரா, கிரிப்டோகோரைன் என்னும் பேரினங்களைச் சேர்ந்த நீரோரச் செடிகள் சில வளர்கின்றன. அவற்றுட் பல உலகில் வேறெங்கும் இல்லை. கண்ணைக் கவரும் மலர் அவற்றிற்கில்லை, அவற்றை எவரும் முற்றத்தில் வைப்பதில்லை, மாரியம்மனுக்குச் சாத்துவதுமில்லை. எங்கள் ஓடையில் அகழப்பட்ட இஞ்சிப்பூ இமயத்தின் அடியிலும் கியூபாவின் தோட்டங்களிலும் தொடர்ந்து மலரும். ஆனால் இவ்வோடைகளில் அழியும் செடி, உலகத்திலிருந்தே அழிந்ததாகும். இவ்விரு இழப்புகளும் ஒரு நிறையினவல்ல.

இதனை அலட்சியம் செய்தால் எங்குச் சென்று முடியும் என்பதற்குத் தாஹிட்டித் தீவு சான்று. 1937ஆம் ஆண்டில் அகன்ற அழகிய இலைகளுக்காக அங்கு நடப்பட்ட மிக்கோனியா, தீவின் பெரும்பகுதியை மூடியது. அத்தீவுக்கே உரிய செடிகள் பல அழிவின் விளிம்பிற்குத் தள்ளப்பட்டன. அதே மிக்கோனியா 1888ஆம் ஆண்டிற் பேராதனைக்கும் வந்தது. கண்டிப் பகுதிக் காடுகளில் அது பரவி வருவதை நம் ஆய்வாளர் சுட்டிக்காட்டியுள்ளனர்.

எனவே, ஓரிடத்தில் ஒரு செடியை அகற்றுதல் அருளுக்கு மாறானதன்று. வெறுப்போடு அகற்றுதலே அருளுக்கு மாறானது. அகற்றுபவன், தான் அகற்றுவது பகையை அன்று, இடம் மாறிய ஓர் உயிரை என்று உணர்ந்து அகற்றுவானாயின், அவன் கையில் இருப்பது மண்வெட்டியாயினும் உள்ளம் பாரியின் உள்ளமே.

5

இறுதி வினா கடினமானது. இப்பொறுப்பு யாருடையது?

எங்கள் தோட்டத்தில் ஒருவர் கேட்டார்: "மலை மலையாகக் காட்டை வெட்டித் தேயிலை போட்டவனை யாரும் கேட்கவில்லை. மூன்று முழ மண்ணிற் பூ வைத்த கிழவியிடம் மட்டும் கணக்குக் கேட்கிறார்களா?" இக்கேள்வியைத் தட்டிக்கழிக்கவியலாது. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலை, றப்பர் ஆகியவற்றிற்காகவும் அழிக்கப்பட்ட காட்டின் பரப்போடு ஒப்பிட்டால், இஞ்சிப்பூ அடைத்த வாய்க்கால் மிகச் சிறியது. தேயிலை தானாகப் பரவவில்லை என்பது உண்மையே. சட்டமும் மூலதனமும் நம்முன்னோரின் உழைப்பும் அதனைப் பரப்பின. மனிதர் திட்டமிட்டுப் பரப்பினால் அபிவிருத்தி, செடி தானே பரவினால் ஆக்கிரமிப்பு என்று சொல்வதில் ஒரு போலித்தனம் உண்டு.

அதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. உரிமை இல்லாதவனுக்குக் கடமை உண்டா? நிலம் எங்களுடையதன்று. நிலத்தின் உடைமையாளன் அதன் நலத்திற்குப் பொறுப்பாளி என்பது யாவரும் ஏற்கும் நியாயம். நிலத்தையே மறுத்துவிட்டு, நிலத்திற்குரிய கடமையை மட்டும் சுமத்துவது முறையா?

முறையன்று என்பதே என் விடை. ஆயினும், அவ்விடையோடு நின்றுவிடவும் இயலவில்லை. கடமை உடைமையிலிருந்து மட்டும் பிறப்பதன்று, செயலிலிருந்தும் பிறக்கின்றது. கிழங்கை ஓடைக்கரையில் எறிந்த கை எங்களுடையது. பத்திரம் யாருடைய பெயரில் இருப்பினும் அக்கை எங்களுடையதே. பாட்டனார் அறியாமற் செய்தார். அறியாமை சென்றகாலத்தை மன்னிக்கும். இன்று நாங்கள் அறிந்துள்ளோம். அறிந்தபின் எறிவது அறியாமல் எறிந்ததாகாது. பொறுப்பின் அளவு அறிவின் அளவோடும் ஆற்றலின் அளவோடும் வளர்கின்றது. அவ்வளவுகோலின்படி, வித்தும் கிழங்கும் இறக்குமதி செய்யும் வணிகர், நாற்றுமேடை வைத்திருப்போர், பெருந்தோட்டக் கம்பனிகள், எம்போன்ற பல்கலைக்கழகத்தார் ஆகியோரின் பொறுப்பு அப்பாயியின் பொறுப்பிலும் பன்மடங்கு பெரிது. எனினும் பிறருடைய பெரும் பொறுப்பு நம்முடைய சிறு பொறுப்பை இல்லாததாக்குவதில்லை.

இவ்விடத்தில் அமெரிக்கச் சிந்தனையாளர் அல்டோ லியோபோல்ட் 1949ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் முன்வைத்த கருத்து நினைவுகூரத்தக்கது. மண், நீர், செடி, விலங்கு ஆகியவற்றையும் உள்ளடக்கிய ஒரு சமூகத்தின் உறுப்பினனே மனிதன் என்றும், நிலத்தின் வெற்றியாளனாக அவன் தன்னை எண்ணலாகாது என்றும் அவர் வாதித்தார். இதனை எங்கள் நிலைக்குப் பொருத்திப் பார்த்தபோது எனக்கொரு தெளிவு பிறந்தது. உறுப்பினன் என்ற தகுதியை அரசாங்கப் பத்திரம் வழங்கலாம், மறுக்கவும் செய்யலாம். ஆனால் கீழ் வயலுக்கு நீர் செல்லவேண்டுமென்று கவலைப்படும் தகுதியை எவரும் வழங்கவேண்டியதில்லை. எவராலும் மறுக்கவும் இயலாது. அக்கவலையை ஏற்றுக்கொள்பவன் அவ்விடத்திற்கு உரியவனாகின்றான். இதனைக் கூறும்போது, நில உரிமைக் கோரிக்கையை நான் கைவிடுவதாக எவரும் கருதலாகாது. கடமையை இவ்வாறு ஏற்கும் மக்களுக்கு நிலத்தை மறுப்பதற்கு இனி எந்த நியாயமும் இல்லை என்பதே என் முடிபு.

6

எஞ்சியதைச் சுருக்கமாகக் கூறி முடிக்கின்றேன்.

மறு ஞாயிறன்று தம்பியும் நானும் லயத்து இளைஞர் சிலரும் ஓடைக்கு இறங்கினோம். கீழ் வயல் முதியவரும் தம் மகனோடு வந்திருந்தார். இரண்டு நாள் வேலை. தண்டை வெட்டுவதாற் பயனில்லை. கிழங்கை முழுமையாக அகழவேண்டும். விரலளவு துண்டு எஞ்சினாலும் மீண்டும் முளைக்கும். அகழ்ந்தவற்றை ஓடையிலிருந்து தொலைவில், பாறைமீது பரப்பி வெயிலிற் காயவைத்து எரித்தோம். கரையில் வெறுமையான இடங்களில் மண் அரித்துச் செல்லாதிருக்க, அயலிற் காணப்பட்ட ஊர்ச் செடிகளை முதியவர் காட்ட நாங்கள் நட்டோம். எங்கள் வாசலில் நின்றவற்றின் பெயர் பற்றியும் அவரே பேச்செடுத்தார். அவருடைய தாயாரும் முன்னாளில் இப்பூவை விகாரைக்குக் கொண்டுசெல்வதுண்டாம்.

வாசற் செடிகளை அப்பாயியே அகழ்ந்தார். எவரையும் உதவிக்கு விடவில்லை. ஒரு கொத்தை மட்டும் அடியில் துளையிட்ட பழைய எண்ணெய்த் தகரத்தில் நட்டு இஸ்தோப்பில் வைத்துக்கொண்டார். பூத்து முடிந்ததும் காய் பற்றுமுன் தண்டை நறுக்கிவிடுவதென்றும், மிகும் கிழங்கை அடுப்பிலிடுவதென்றும் எங்களிடையே ஏற்பாடு. கல்வாழையையும் கவனித்து வருகின்றோம். லில்லி இன்றளவும் தன் இடத்திலேயே நிற்கின்றது. அதனைக் குற்றஞ்சாட்ட எமக்குக் காரணமில்லை.

அழகை விரும்புதல் குற்றமன்று. தன் அழகுணர்ச்சி தன் வேலிக்கு அப்பால் எவருடைய நீரைத் தடுக்கின்றது என்று திரும்பிப் பாராதிருத்தலே குற்றம். இதனைத் துரைமார் பாரவில்லை. தாவரவியற் பூங்காவினர் அந்நாளிற் பாரவில்லை. நாங்களும் நாற்பது ஆண்டு பாரவில்லை. சென்ற வெசாக் விடுமுறையில் வீடு சென்றபோது தகரத்து இஞ்சிப்பூ இரண்டு தண்டு மலர்ந்திருந்தது. ஒன்றை அப்பாயி மாரியம்மனுக்கு எடுத்து வைத்தார். மற்றதை நறுக்கி என் கையிற் கொடுத்து, "கீழ மாத்தையா வீட்டுக்குக் குடுத்துட்டு வா, பூ மட்டும்" என்றார்.